வரிசையில் நிற்காத கட்டளை

வாகனப் பதிவு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், எந்த மாதம் போனாலும் ஸ்வெட்டர் கேட்கும் ஒரு நீள அறையில், இருபத்து நான்கு வருடமாக ஒரு பெண்மணி உட்கார்ந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவரைக் கன்சோல் மேடம் என்பார்கள். அவர் போட்ட கட்டளைக்கு அந்த அறையில் நின்ற மெயின்பிரேம் என்கிற பெரிய கணினி ஒன்றுதான் மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டது. மற்றபடி வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கீழே தரைத்தளத்தில் பன்னிரண்டு கவுண்டர்கள். ஓட்டுநர் உரிமம், புது வண்டிப் பதிவு, பெயர் மாற்றம் என்று எல்லாம் அந்த ஒரு கணினியை நம்பித்தான் நடந்தன. பகல் ஒரு மணிக்குக் கவுண்டர்களைச் சாப்பாட்டுக்காக மூடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மேடம் கவுண்டர் மென்பொருளை நிறுத்த வேண்டும், அன்று காலை பதிவானதையெல்லாம் நகல் எடுக்க வேண்டும், இரண்டு மணிக்கு முன்னால் மறுபடி தொடங்கிவைக்க வேண்டும். இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்துவிடுவார். நிறுத்து, நகல் எடு, தொடங்கு. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்தில் நல்ல காரியம் எல்லாம் பகல் ஒரு மணியையொட்டித்தான் நடக்கும் என்பது மேடத்துக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மகள் பள்ளி நாடகத்தில் நீதிபதியாக நடித்தபோது மேடம் இல்லை. கொழுந்தன் கல்யாணத்தில் குடும்பமாக நின்று எடுத்த போட்டோவில் மேடம் இல்லை. கணவருக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கணவர் கணக்கு வாத்தியார். இந்த இல்லாமைகளையெல்லாம் தேதி, கிழமையோடு மனப்பாடமாக வைத்திருந்தார். சண்டை வரும்போது ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். சண்டை வராவிட்டாலும் ஒப்பிப்பார்.

"நான் என்ன ஊர் சுத்தவா போறேன்? ஆபீஸ்லதானே இருக்கேன்" என்பார் மேடம்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆபீஸ்லதான் இருக்கே" என்பார் அவர்.

இப்படிப் பாடாய்ப் படுத்திய வேலையில் மேடத்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஷிப்ட் தலைமை என்று ஒரு பதவி. கண்ணாடி போட்ட தனி அறை, கட்டளை போட வேண்டிய அவசியமில்லை, போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பதினோரு வருடம் காத்திருந்து, இப்போதுதான் பட்டியலில் முதல் பெயராக வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷர். ஆனால் படிவம் இல்லாமல் ஒரு காரியம் நடந்தால் அவருக்கு அன்று தூக்கம் வராது. எங்கோ வேறு ஓர் அலுவலகத்தில், துடைக்க வந்தவர் விசைப்பலகையை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கப்போய் ஏதோ ஒன்று நின்றுபோனதாம். அந்தக் கதையைக் கேட்ட மறுவாரமே, கட்டளை அடிக்கும் மேசையான கன்சோலின் விசைப்பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. இனிமேல் கையால் யாரும் நேரடியாகக் கட்டளை அடிக்கக் கூடாது. கட்டளையை ஒரு ஜாப்பில் வரியாக எழுதி, அதற்கு ஒரு படிவம் வைத்து, மேடம் ஒரு கையெழுத்து, மேலாளர் ஒரு கையெழுத்து, அதற்குப் பிறகு சாதாரண மேசைக் கணினியிலிருந்து அனுப்ப வேண்டும்.

ஜாப் என்றால் பெரிய விஷயமில்லை. கணினி செய்ய வேண்டிய வேலைகளை வரிவரியாக எழுதிய பட்டியல். அது வரிசையில் நிற்கும், அதன் முறை வந்ததும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நடக்கும். ஆனால் பட்டியலுக்கு நடுவில் கட்டளை வரி ஒன்றை வைத்தால் மட்டும் கதை வேறு. கணினி அந்தப் பட்டியலை உள்ளே வாங்கிப் படிக்கும்போதே, கண்ணில் பட்ட கட்டளையை அங்கேயே நிறைவேற்றிவிடும். மேலே இருக்கும் வேலை முடிந்ததா, இல்லையா என்று பார்க்காது. 'வீட்டுப்பாடத்தை முடிச்சிட்டு விளையாடப் போ' என்று பிள்ளையிடம் சொன்னால், பிள்ளை காதில் 'விளையாடப் போ' மட்டும் விழுமே, அந்த மாதிரி.

மேடத்துக்கு இது அத்துப்படி. புது விதி வந்த அன்றே இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி மேலாளரிடம் கொடுத்தார். ஜாப்புக்குள் வைக்கும் கட்டளை தன் முறைக்குக் காத்திருக்காது என்று எழுதினார். ஜாப்பை 'பிறகு ஓடட்டும்' என்று நிறுத்திவைத்து அனுப்பினாலும் வேலைகள்தான் காத்திருக்கும், கட்டளை காத்திருக்காது என்று எழுதி, அந்த வரிக்கு அடிக்கோடும் போட்டார். ஆகவே நிறுத்துவதற்கு ஒரு ஜாப், நகலுக்கு ஒரு ஜாப், தொடங்குவதற்கு ஒரு ஜாப் என்று மூன்றாகப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகு மற்றதை ஆள் உட்கார்ந்து அனுப்புவதே பாதுகாப்பு என்று முடித்தார்.

மேலாளர் படித்துப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஃபைல்ல வச்சிடலாம்" என்றார். வைத்துவிட்டார்.

ஆக, விதி வந்த பிறகும் மேடம் ஒரு மணிக்கு அங்கேதான் இருக்க வேண்டியிருந்தது. கூடுதலாக, தினம் மூன்று படிவம்.

இப்படியிருக்கும்போது வாத்தியாருக்குப் பித்தப்பையில் கல். எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதிலிருந்துதான் வாத்தியாருக்குப் பயம் ஆரம்பித்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற மனுஷர், ராத்திரி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சை பகல் பன்னிரண்டு மணிக்கு.

"உள்ள கூட்டிட்டுப் போறப்ப நீ இருக்கணும்" என்றார், தட்டைப் பார்த்தபடி. "வெளிய வர்றப்பகூட வேண்டாம். உள்ள போறப்ப."

இத்தனை வருடத்தில் அவர் இப்படி வாய்விட்டுக் கேட்டதே இல்லை. வராததைத்தான் சொல்லிக் காட்டுவாரே தவிர, வா என்று கேட்டதில்லை.

"இருப்பேங்க" என்றார் மேடம்.

சிகிச்சை நாளன்று காலை வாத்தியாரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு மேடம் வேலைக்கு வந்தார். அவருடைய நாத்தனாரும் அதே அலுவலகத்துக்கு வந்திருந்தாள். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். "அண்ணி, உங்க ஆபீஸ்தானே, பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு நேரா அண்ணாகிட்ட போயிடறேன்" என்று ஏழாம் கவுண்டரில் காகிதங்களைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் மாடியில் மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினொன்றரைக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஒரு மணிக்குத் திரும்ப முடியுமா என்பது சந்தேகம். யோசித்து யோசித்துக் கடைசியில், மூன்று ஜாப்பையும் ஒரே ஜாப்பாக எழுதினார். முதலில் கவுண்டர்கள் மூடியாயிற்றா என்று சரிபார்க்கும் வேலை, அடுத்து நிறுத்தும் கட்டளை, அடுத்து நகல், கடைசியில் தொடங்கும் கட்டளை. ஒரு மணி வரைக்கும் நிறுத்திவைக்கச் சொல்லி மேலே ஒரு குறிப்பும் போட்டார். தானே அடிக்கோடு போட்டு எழுதிய வரி அன்றைக்கு அவர் நினைவிலேயே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு பேசிய முகம் மட்டுந்தான் நினைவில் இருந்தது.

படிவத்தைப் பார்த்து மேலாளருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "மூணு படிவத்துக்குப் பதிலா ஒண்ணா? இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே மேடம்" என்று கையெழுத்துப் போட்டார். "ஆஸ்பத்திரிக்குத்தானே? போயிட்டு வாங்க."

பதினொன்று இருபத்தொன்றுக்கு மேடம் ஜாப்பை அனுப்பினார், பையை எடுத்தார், படியிறங்கினார். கவுண்டர் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.

மூன்றாம் மாடியில் கணினி அந்த ஜாப்பை வாங்கிப் படித்தது. வேலைகளையெல்லாம் ஒரு மணிக்கு என்று ஒழுங்காக எடுத்துவைத்தது. நிறுத்து என்று ஒரு கட்டளையைப் பார்த்தது, அந்த நொடியே நிறுத்தத் தொடங்கியது. தொடங்கு என்று இன்னொன்றைப் பார்த்தது. இன்னும் முழுசாக நிற்கவே இல்லையே, எதைத் தொடங்குவது? 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று அதைத் தள்ளிவிட்டது. பிறகு முழுசாக நின்றது. பன்னிரண்டு கவுண்டரும் இருட்டிப்போயின. ஏழாம் கவுண்டரில் நாத்தனாரின் காகிதங்கள் உள்ளே பாதி, வெளியே பாதி.

மேடம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாத்தியாரைத் தள்ளுபடுக்கையில் படுக்கவைத்து நடைவழியில் விட்டிருந்தார்கள். ஏதோ மாத்திரை கொடுத்திருந்தார்கள், கண் செருகிச் செருகித் திறந்தது. வலது கையில் ஊசி. மேடம் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாகிறவரைக்கும் இந்த முகம் போதும் என்று மேடத்துக்குத் தோன்றியது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. மேலாளர்.

"மேடம், எல்லாக் கவுண்டரும் நின்னுபோச்சு. தானா வந்துடும்னு இவ்வளவு நேரம் பார்த்தோம், வரலை. கீழ ஜனங்க சத்தம் போடுறாங்க."

மேடத்துக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சார், முதல்ல நான் அனுப்பின ஜாப்பை ரத்து பண்ணுங்க. அப்புறம் தொடங்குற கட்டளை ஒரே ஒரு வரி. அதை மட்டும் தனி ஜாப்பா அனுப்புங்க. அனுப்பின உடனே எழுந்துக்கும்."

"அனுப்பிடலாம். படிவத்துல உங்க கையெழுத்து வேணுமே."

"நான்தான் சொல்றேனே சார்."

"வாயால சொன்னா எப்படி மேடம்? விதின்னு ஒண்ணு இருக்குல்ல. உடனே கிளம்பி வாங்க."

ஊழியர் ஒருவர் வந்து படுக்கையின் சக்கரத்தை விடுவித்தார். வாத்தியாரின் விரல்கள் மேடத்தின் கையை இறுக்கின. இருபத்து நான்கு வருடம் ஒரு தடவைகூட 'வரமாட்டேன்' என்று சொல்லாத பெண்மணி, நடைவழியின் நடுவில் நின்று நிதானமாகச் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரர் பக்கத்துல நிக்கிறேன் சார். இப்ப உள்ள கூட்டிட்டுப் போறாங்க. அவர் போற வரைக்கும் நான் வரமாட்டேன்."

கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். கதவு வரைக்கும் கூடவே நடந்தார். கதவு மூடும்வரை நின்றார். பன்னிரண்டு பதினொன்று.

ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். வெளியே வரும்போது வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார் அல்லவா? மேடம் பேருந்தைப் பிடித்துப் பன்னிரண்டு நாற்பதுக்கு அலுவலகம் வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிஷம் கவுண்டர்கள் உயிர்பெற்றன. பத்தொன்பது நிமிஷம் ஓடின. ஒரு மணி ஆனதும் சாப்பாட்டுக்காக மேடம் அவற்றை மறுபடி நிறுத்தினார், மூன்று படிவம் வைத்து, முறைப்படி.

அந்தப் பத்தொன்பது நிமிஷத்தில் நாத்தனாருக்கு உரிமம் கிடைத்துவிட்டது. படியில் அண்ணியைப் பார்த்துக் கையாட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். வாத்தியார் கண் விழித்தபோது பக்கத்தில் அவள்தான் இருந்தாள்.

"உங்கண்ணி வரலையா?" என்றார் அவர்.

"அண்ணியா? ஆபீஸ்லதான் இருக்காங்க. நான் அங்கேருந்துதானே வர்றேன், என் கண்ணால பார்த்தேனே" என்றாள் நாத்தனார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தானாம், உள்ளே போவதற்கு முன்னால் நடந்த எதுவும் நினைவில் நிற்காதாம். மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கவுண்டர் நின்ற விவரத்தையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டுச் சாயங்காலம் மேடம் வந்து, "நான் உங்க கையைப் பிடிச்சிட்டு நின்னேங்க" என்றதற்கு, வாத்தியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கணக்கு வாத்தியாரிடம் போய், நிரூபணம் இல்லாமல் விடையை மட்டும் சொன்னால் மதிப்பெண் போடுவாரா? அவரைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இதுக்காவது வருவான்னு பார்த்தேன்" என்றார். பட்டியலில் புதிதாக ஒரு தேதி, கிழமை சேர்ந்தது. மேடம் அழுதார், தனியாக, சமையலறையில். அலுவலகத்தில் அவர் அடித்த ஒவ்வொரு எழுத்தும் நொடிக்கணக்கோடு கணினியின் பதிவேட்டில் இருக்கிறது. நடைவழியில் நின்ற இருபது நிமிஷத்துக்கு ஒரு வரி பதிவு கிடையாது.

இரண்டு வாரம் கழித்துக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. குற்றம் ஒன்று: தவறான ஜாப்பை அனுப்பியது. ஃபைலில் இருந்த எச்சரிக்கைக் குறிப்பு மேடம் கைப்பட எழுதியதே என்பதால், தெரியாமல் செய்ததாகக் கூற இயலாது. எழுதாமலே இருந்திருந்தால் தப்பித்திருப்பார். குற்றம் இரண்டு: 'மேலாளர் அழைத்தபோது, அறுவை சிகிச்சைக்குச் செல்லவிருந்த தங்கள் கணவரின் அருகில் நின்றிருந்ததாகவும், வர மறுத்ததாகவும் தெரியவருகிறது.' ஏழு நாளில் பதில்.

மேலாளர் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "முதல் குற்றம் ஒண்ணும் பண்ணாது மேடம். இனிமே கவனமா இருங்கன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. ரெண்டாவதுதான் வம்பு. நீங்க ஆஸ்பத்திரிக்கே போகலை, பஸ் ஸ்டாப்புலயே நின்னுட்டிருந்தீங்க, போன் வந்ததும் திரும்பிட்டீங்க, பஸ் லேட்டுன்னு எழுதுங்க. போன்ல சரியா கேக்கலைன்னு நானும் எழுதித் தர்றேன். ஷிப்ட் தலைமை உங்களுக்குத்தான்."

நல்ல மனுஷர் என்று முன்பே சொன்னேன்.

மேடம் குறிப்பாணையை வீட்டுக்கு எடுத்துப்போய் வாத்தியார் முன்னால் வைத்தார். மேலாளர் சொன்னதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் மாதிரி வரிவரியாகப் படித்தார். இரண்டாம் குற்றத்தை இரண்டு முறை படித்தார்.

"'தெரியவருகிறது'ன்னுதான் போட்டிருக்கு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தெரியவருகிறதுன்னா நிரூபணம் ஆகலைன்னு அர்த்தம்."

"சரிங்க" என்றார் மேடம்.

"எந்தக் கையைப் பிடிச்சிருந்தே?"

"இடது கை. வலது கையில ஊசி குத்தியிருந்தாங்க."

வாத்தியார் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் மேடம் பதில் எழுதினார். முதல் குற்றம் உண்மை. இரண்டாம் குற்றமும் முழுக்க உண்மை. ஒரே ஒரு திருத்தம்: அருகில் நின்றதோடு அல்லாமல் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டும் இருந்தேன், அதையும் பதிவில் சேர்க்க வேண்டுகிறேன். படித்துவிட்டு மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் இறுதி ஆணை வந்தது. வாத்தியார் உற்சாகமாகத் தங்கைக்குப் போன் போட்டார்.

"கேளு. உங்கண்ணி விஷயம். ஆணை எண்ணிலிருந்து படிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "'கணவரின் அருகில், அவரது இடது கையைப் பற்றியவாறு நின்றிருந்ததும், பணிக்குத் திரும்ப மறுத்ததும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.' கேட்டுச்சா? நிரூபணமாகிறது. நீ என்னமோ கண்ணால பார்த்தேன்னு சொன்னியே."

அடுத்த பத்தியையும் அதே வேகத்தில் ஆரம்பித்தார். "'எனவே அன்னார் ஷிப்ட் தலைமைப் பொறுப்புக்கு ஐந்தாண்டுகளுக்குப் பரிசீலிக்கப்படமாட்டார்...'"

அங்கே நின்றுவிட்டார். மேடத்துக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். கணக்கு வாத்தியாருக்கு அதைக் கழித்துப் பார்க்க நேரமாகவில்லை.

போனைக் காதிலிருந்து இறக்கி, "இல்லைன்னு எழுதியிருந்தா?" என்று மேடத்தைக் கேட்டார்.

"கிடைச்சிருக்கும்."

"எழுதியிருக்கலாமேடி."

"எழுதியிருந்தா, நான் வரலைன்னு ஆயிருக்கும்" என்றார் மேடம்.

வாத்தியார் ஆணையை மேசைமேல் வைத்தார். கையில் போன் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணா? என்னாச்சு? லைன்ல இருக்கியா?"

அவர் இடது கையை நீட்டி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, போனை மறுபடி காதில் வைத்தார்.

"இருக்கேன்" என்றார். "உங்கண்ணியும் பக்கத்துலதான் இருக்கா."